தீ போட்ட சாலை

1910 ஆகஸ்ட் 20 அன்று அமெரிக்காவின் ஐடஹோ, மொன்டானா மாநிலங்களில் சூறைக்காற்று வீசியது. மலைகளில் ஆங்காங்கே புகைந்துகொண்டிருந்த நூற்றுக்கணக்கான சிறு தீக்கள் ஒன்றுசேர்ந்தன. இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் காடு கருகியது. இறந்தவர்கள் எண்பதுக்கும் மேல். பெரும்பாலோர் தீயணைக்கப் போனவர்கள். எட் புலாஸ்கி என்ற வனச்சரகர் தம் ஆட்களை ஒரு சுரங்கத்துக்குள் தள்ளி, வெளியே ஓட முயன்றவர்களைத் துப்பாக்கி காட்டித் தடுத்துப் பெரும்பாலோரைப் பிழைக்க வைத்தார்.

அந்த மலைகளுக்கு ஆட்களும் சாப்பாடும் கருவிகளும் போய்ச் சேர்ந்தது நடந்தும் கோவேறு கழுதை முதுகிலும்தான். அப்போது அமெரிக்க வனத்துறைக்கு வயது ஐந்து. தீயை உடனே எட்டிப் பிடிக்க வேண்டும் என்பது அதன் பிறகு அத்துறையின் தாரக மந்திரமாயிற்று. காட்டுச் சாலைக்குக் கிடைத்த மிக வலுவான நியாயமும் அதுவே. உல்லாசப் பயணிகளை அன்று யார் நினைத்தார்கள்?

பணத்துக்கு வழி மரத்தில் இருந்தது. மத்திய அரசின் காட்டுக்கு உள்ளூர் நிலவரி கிடையாது. அதற்கு ஈடாக, வன வருமானத்தில் கால் பங்கு அந்தந்த கவுன்டி என்ற உள்ளூர் நிர்வாகப் பகுதியின் பள்ளிக்கும் சாலைக்கும் என்று 1908இல் சட்டம் வந்தது. மரம் விழுந்தால்தான் பள்ளிக்குக் கூரை என்ற விசித்திரமான கணக்கு இப்படித்தான் தொடங்கியது. 1916இல் வனச்சாலைகளுக்கென்றே ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வீதம் பத்தாண்டுகளுக்கு ஒதுக்கினார்கள்.

பெருமந்தக் காலத்தில் சாலை வேலை வேகமெடுத்தது. அதிபர் ரூஸ்வெல்ட் 1933இல் தொடங்கிய இளைஞர் படையில் மாதச் சம்பளம் 30 டாலர்; அதில் 25 நேராக வீட்டுக்குப் போய்விடும். நெஸ் பெர்ஸ் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக நடந்த லோலோ மலைத்தடத்தை ஒட்டி வண்டிப்பாதை போட்டவர்கள் இந்தப் பையன்கள்தான்.

சாலை போதும் என்று முதலில் குரல் கொடுத்தவர்களும் வனத்துறைக்காரர்களே. ஆல்டோ லியோபோல்டின் யோசனைப்படி, நியூ மெக்சிகோவின் கிலா பகுதி 1924இல் சாலையற்ற காடாக ஒதுக்கப்பட்டது. 1935இல் அவரும் பாப் மார்ஷலும் வேறு சிலரும் சேர்ந்து இதற்காகவே ஒரு சங்கம் கண்டார்கள். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. 5.85 கோடி ஏக்கரில் புதுச்சாலைக்குத் தடை விதித்த 2001ஆம் ஆண்டு விதியை நீக்கப்போவதாக 2025இல் அரசு அறிவித்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மர லாரிகளுக்காகச் சாலைகள் பெருகின. வனத்துறையின் கணக்கில் இப்போது சுமார் 3,70,000 மைல். 1990களில் மரவெட்டு சரிந்தபோது பராமரிப்புக் காசும் வற்றியது. ஆனால் மீன் பிடிக்கவும் வேட்டையாடவும் மலையேறவும் வருகிறவர்கள் குறையவில்லை.

இதில் அதிகம் பேசப்படாத பிரச்சினை காட்டுக்கு வெளியே இருக்கிறது. நெடுஞ்சாலையிலிருந்து வன எல்லை வரை போகும் சரளைச் சாலை பெரும்பாலும் கவுன்டிக்குச் சொந்தம். சனம் குறைந்த கவுன்டியால், ஊர்க்காரர்களைவிட வெளியார் அதிகம் ஓடும் சாலையை எப்படிச் செப்பனிட முடியும்? இதற்காகவே 2012ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் ஆண்டுக்கு 25 கோடி டாலரில் ஒரு திட்டத்தைத் தந்தது. மத்திய அரசு நிலங்களுக்கு இட்டுச்செல்லும் மாநில, உள்ளூர்ச் சாலைகள், பாலங்கள், வாகன நிறுத்தங்கள் எல்லாம் இதில் அடங்கும். கவுன்டியும் ஒரு பங்கு போட வேண்டியிருந்தது. அதுவே பல இடங்களில் கையைக் கடித்தது. முழுச் செலவையும் மத்திய அரசே ஏற்க 2021ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது.