வானத்திலிருந்து பார்த்தால் நம் வயல் எத்தனை புள்ளி?



ஊரில் பயிர் வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், செயற்கைக்கோள் படம் பார்த்துத்தான் இனி காப்பீடு என்கிறார்களே, அவ்வளவு உயரத்திலிருந்து என் ஒன்றரை ஏக்கர் தெரியுமா?" நல்ல கேள்வி. இதற்குப் பின்னால் ஐம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

இந்தக் கதை நம் நாட்டில் நெல்லில் தொடங்கவில்லை, தென்னையில் தொடங்கியது. கேரளத்தில் வேர்வாடல் நோய் தென்னந்தோப்புகளைத் தின்றுகொண்டிருந்த நேரம். 1970-இல் பேராசிரியர் பிஷாரடி தலைமையில் ஹெலிகாப்டரில் பறந்து, அகச்சிவப்பு வண்ணப் பிலிமில் தோப்புகளைப் படம் எடுத்தார்கள். நல்ல பச்சை இலை, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். நோயோ நீர்க்குறைவோ வந்தால் அது குறையும். அந்தப் பிலிமில் நல்ல மரம் சிவப்பாகத் தெரியும், வாடிய மரம் மங்கும். இந்தியத் தொலையுணர்வின் தொடக்கம் இதுதான். பிஷாரடியை அந்தத் துறையின் தந்தை என்கிறோம்.

1972 ஜூலையில் அமெரிக்கா முதல் லேண்ட்சாட்டை ஏவியது. நமது ஐ.ஆர்.எஸ்-1ஏ, 1988 மார்ச் 17 அன்று பைக்கனூரிலிருந்து சோவியத் ராக்கெட்டில் ஏறியது.

இனி கொஞ்சம் கணக்கு. செயற்கைக்கோள் படம் என்பது புள்ளிகளால் ஆனது. ஐ.ஆர்.எஸ்-1ஏ-யின் ஒரு கேமராவில் ஒரு புள்ளி தரையில் 72.5 மீட்டர் சதுரம். அதாவது ஏறத்தாழ 130 சென்ட்! அதன் இன்னொரு கேமராவில் 32 சென்ட். தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலமே இரண்டு ஏக்கருக்குள்தான். அன்றைய படத்தில் மாவட்டத்தின் நெல் பரப்பை மதிப்பிடலாம், உங்கள் வரப்பைப் பார்க்க முடியாது.

2015-இல் ஐரோப்பா ஏவிய சென்டினல்-2-இல் ஒரு புள்ளி 10 மீட்டர் சதுரம், இரண்டரை சென்ட். எங்கள் முகப்பேர்க் கணக்கில் அரை கிரவுண்டு கூட இல்லை. படமும் இலவசம். மாணவரின் ஒன்றரை ஏக்கர் இதில் அறுபது புள்ளி. எந்த மூலையில் பயிர் சோர்ந்திருக்கிறது என்று பார்த்து, அங்கே மட்டும் போய் மண்ணையும் தண்ணீரையும் சோதிக்கலாம். வயல் முழுக்க ஒரே அளவு உரம் கொட்ட வேண்டியதில்லை. துல்லியப் பண்ணையத்தின் சாரமே இதுதான்.

ஆனால் நம் சம்பாப் பயிர் வடகிழக்குப் பருவமழையில் நிற்கிறது. மேகம் மூடினால் சாதாரணக் கேமராவுக்குக் கண் தெரியாது. மேகத்தைத் துளைத்துப் பார்க்க ரேடார் வேண்டும். 2014-இல் வந்த சென்டினல்-1 அந்த வகை. கோவை வேளாண் பல்கலைக்கழகம், பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்துடன் சேர்ந்து ரேடார் படத்தால் நெல் வரைபடம் தயாரித்தது. 2016-17 வறட்சியில், விதைக்க முடியாமலும் விதைத்தது கருகியும் போன கிராமங்களை அடையாளம் காண அது காப்பீட்டுக்குக் கைகொடுத்தது.

ஆகவே, வயல் தெரியும். ஆனால் இரண்டு விஷயம் மனதில் வையுங்கள்.

ஒன்று: பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டில் விளைச்சல் இழப்பைத் தனி வயலுக்குப் பார்ப்பதில்லை, அறிவிக்கப்பட்ட கிராம அளவில்தான் கணக்கிடுவார்கள். ஆலங்கட்டி மழை, வெள்ளம் சூழ்தல் போன்ற சேதத்துக்குத்தான் தனி வயல் ஆய்வு. அதற்கும் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும்.

இரண்டு: படம் பயிரைக் காட்டும், பயிரிட்டவர் யாரென்று காட்டாது. டெல்டாவில் எத்தனையோ பேர் வாய்மொழிக் குத்தகையில் உழுகிறார்கள். கருகியது அவர்கள் உழைப்பு, பட்டா வேறொருவர் பெயரில். அந்த இடைவெளியை எந்தச் செயற்கைக்கோளும் அடைக்காது, கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல்தான் அடைக்க வேண்டும்.

எனவே குத்தகைக்கு உழும் பிள்ளைகள், விதைத்த கையோடு அடங்கலில் உங்கள் பெயரும் பயிரும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இதைத் தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள்.