ஒளி எழுதி வைத்த நகர்

சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெரு என்று ஒன்றுண்டு. இன்று அங்கு நின்றால் கடல் தெரியாது. வானளாவிய கட்டடங்களே தெரியும். ஆயினும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அத்தெருவே கடற்கரையாய் இருந்தது. சோழமண்டலக் கரையினின்று பாய்மரம் ஏறிச் சென்ற நம் முன்னோர், கரையில் கால் வைத்த இடத்தருகிலேயே ஸஜ்தாச் செய்ய ஓரிடம் தேடிக்கொண்டனர். 1827-இல் ஓலைக் குடிசையாய் எழுந்ததனால் ‘குச்சுப் பள்ளி’ என்று பெயர் பெற்ற அல் அப்ரார் பள்ளிவாசல் அத்தெருவில்தான் உள்ளது. நாகூர் ஷாஹுல் ஹமீது நாயகம் அவர்களின் நினைவாக 1828-இல் தொடங்கி 1830-இல் கட்டி முடிக்கப்பட்ட தர்காவும் அங்கேயே இருக்கிறது. சற்றுத் தொலைவில் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ பள்ளிவாசல் நிற்கிறது. நம்மவர் அதனைப் ‘பெரிய பள்ளி’ என்பர்.

அந்நகருக்கு 1822-இல் வரையப்பட்ட முதல் திட்டப் படத்திலேயே ஆற்றோரமாய்ச் சூலியாக்களுக்கு என்று ஒரு குடியிருப்பு குறிக்கப்பட்டிருந்தது. சூலியாக்கள் என்றால் வேறு யாருமல்லர். நாகூரிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் சென்ற தமிழ் முஸ்லிம்களே. ஆற்றில் தோணி ஓட்டினர், நாணயம் மாற்றினர், கடை வைத்தனர்.

இவ்வளவையும் ஆவணங்கள் சொல்லும். ஆவணம் சொல்லாதவையும் உண்டு. பெரிய பள்ளியின் முகப்பு சாலையை ஒட்டி நேராக நிற்க, உள்ளே தொழுகைக் கூடம் கிப்லாவை நோக்கிச் சற்றே திரும்பி நிற்கும். அக்கோணத்தை ஏட்டில் படித்து அறிவது ஒன்று. கண்ணால் காண்பது மற்றொன்று. அப்பள்ளியைச் சுற்றி எத்தகைய கடைகள் இருந்தன, மாடிச் சாளரங்களில் எவ்வகை அடைப்புகள், மழைக்கு ஒதுங்க எவ்வளவு அகலமான நடைக்கூடம் என்பனவற்றையெல்லாம் எந்த வக்ஃபுப் பத்திரமும் எழுதி வைக்காது. அவற்றை எழுதி வைப்பது ஒளிதான். அவ்வாறு ஒளியைக் கொண்டு ஒரு நகரை எழுதி வைத்த பெண்மணி ஒருவரைப் பற்றியே ஈண்டுச் சொல்ல வந்தோம்.

அவர் பெயர் மார்ஜரி டாகெட். 1921-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் 1947-இல் கணவர் விக்டரைத் தொடர்ந்து சிங்கப்பூர் வந்தார். கணவர் இசைக் கலைஞர். அம்மையாரும் பியானோ கற்பித்து வந்தார். கட்டடக் கலை பயின்றவர் அல்லர்; படமெடுத்துப் பிழைத்தவரும் அல்லர். தாமே பழகிக்கொண்ட கலை அது. அவ்வூரின் குடியுரிமையையும் பெற்று, வாயில்லாப் பிராணிகளின் நலனுக்காக நெடுங்காலம் உழைத்து, 2010-இல் அங்கேயே மறைந்தார்.

அவர் வந்த காலத்துச் சிங்கப்பூர் எத்தகையது? 1947ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 9.4 லட்சமாய் இருந்த மக்கள் தொகை, 1957-இல் 14.5 லட்சத்தை எட்டிவிட்டது. பத்தே ஆண்டுகளில் ஐந்து லட்சம் பேர்! கடைவீடுகளின் மாடிகள் பலகைத் தடுப்புகளால் சிறு சிறு அறைகளாயின. ஓர் அறைக்குள் ஒரு குடும்பம். பழைய கட்டடங்கள் நெடுநாள் நிற்க மாட்டா என்பது உணர்ந்தவர்க்குத் தெரிந்தே இருந்தது. டாகெட் அம்மையார் படக்கருவியுடன் தெருத் தெருவாய் நடந்தார். அரசு மாளிகைகள், பல சமயத்தாரின் வழிபாட்டிடங்கள், செல்வர்களின் பழைய வீடுகள், கடைத்தெருக்கள் எனக் கறுப்பு வெள்ளையில் பதிந்துகொண்டார். 1957-இல் அவை ‘கேரக்டர்ஸ் ஆஃப் லைட்’ என்னும் நூலாய் வெளிவந்தன.

அத்தலைப்பு நம் போன்ற பாட ஆசிரியர்களுக்குச் சுவையானது. ‘கேரக்டர்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு எழுத்து என்றும் பொருள், இயல்பு என்றும் பொருள். ஒளியின் எழுத்துகள் என்றும் கொள்ளலாம். ஒளி காட்டிய பண்புகள் என்றும் கொள்ளலாம். இரண்டும் பொருந்தும்.

அந்நாளில் படப்பிடிப்பு நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை கூலி கொடுத்தவர் கேட்டதை எடுத்தன: மணமக்கள், சங்கத்துத் தலைவர்கள், விருந்துகள். தெருமூலைக் கடையின் சுவரைப் படமெடு என்று எவர் கூலி கொடுப்பார்? நம் குடும்பத்து ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். நிக்காஹ் மேடை உண்டு. ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவரை வழியனுப்பியோர் கூட்டம் உண்டு. அவர் புறப்பட்ட வீட்டின் வாசல் எப்படி இருந்தது என்று கேட்டால் கூட்டத்துத் தலைகளுக்கு மேலே ஒரு முழம் ஓடு மட்டும் தெரியும். கேட்பாரின்றித் தம் விருப்பத்துக்காக எடுத்தவர் என்பதனாலேயே டாகெட் அம்மையாரின் கண் அந்த வாசலில் நின்றது.

அதன்பின் நிகழ்ந்த மாற்றம் வேகமானது. 1960-இல் வீடமைப்புக் கழகம் அமைந்தது. 1961 மே 25-இல் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் பெருந்தீ மூண்டு ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அடுக்குமாடிகள் விரைந்து எழுந்தன. 1830-களில் அந்நகரின் புகழ் பெற்ற கட்டடங்களை வடித்த கோல்மன் தமக்கென்று கட்டிக்கொண்ட இல்லம் 1965-இல் இடிக்கப்பட்டது. ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தின் பழைய கட்டடம் 1972-இல் மறைந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளும் 1970-களில் இடிபடத் தொடங்கின.

இடித்தவர்களைக் குறை கூறுவது எளிது. ஒரு குழாயடியில் நாற்பது பேர் வரிசையில் நின்ற வாழ்வை அறிந்தவர் அவ்வாறு கூற மாட்டார். புதிய வீட்டில் தனிக் குழாயும் தனிக் கழிப்பிடமும் கிடைத்த குடும்பம் பழைய மரப்படிக்கட்டுக்காக அழுதிருக்காது. எனினும் அரசே பின்னர் வேறு விதமாய் எண்ணத் தொடங்கியது. நினைவுச் சின்னங்களைக் காக்கும் வாரியம் 1971-இல் அமைக்கப்பட்டது. 1974-இல் பெரிய பள்ளியும் நாகூர் தர்காவும் குச்சுப் பள்ளியும் தேசிய நினைவுச் சின்னங்களாயின. சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் ஆகிய வட்டாரங்கள் முழுமையாகப் பாதுகாப்புக்குள் வந்தது 1989-இல்தான். அம்மையாரின் நூல் வெளிவந்து 32 ஆண்டுகளுக்குப் பின்! இடைப்பட்ட காலத்தில் போனவை போனவையே. 1985-இல் அந்நூல் மறுபதிப்பாய் வந்தபோது கட்டட வழிகாட்டி என்னும் நிலை மாறி, தாரீக் ஆகிவிட்டிருந்தது.

அந்தப் படங்களில் ஒரு குறையும் நமக்குத் தோன்றுகிறது. அவை பெரும்பாலும் கட்டடங்களின் படங்கள். மார்க்கச் சட்டம் அறிந்தோர் இதனைக் குறையென்று சொல்லத் தயங்கலாம். உயிரற்ற பொருளின் உருவத்தில் உலமாக்களிடையே தகராறில்லை. மனிதர் படத்தைப் பற்றித்தான் வாதங்கள் நிகழ்ந்தன. எகிப்தின் முஃப்தியாய் இருந்த முஹம்மது பகீத் அல்-முதீஈ அவர்கள், படக்கருவி செய்வது படைப்பன்று, ‘ஹப்ஸுழ் ழில்’, அதாவது நிழலைப் பிடித்து நிறுத்துதலே என்று வாதிட்டார்கள். தமிழில் நிழற்படம் என்று பெயரிட்டவர் அந்த வாதத்தை அறிந்திருக்க வேண்டியதில்லை. சொல் எப்படியோ ஒத்துப் போயிற்று. நாம் சொல்ல வருவது இதுதான்: கட்டடம் நிற்கிறது, அதற்குள் வாழ்ந்தவர் படத்தில் இல்லை. கடையநல்லூரிலிருந்து சென்று தஞ்சோங் பகாரில் குடியேறிய நம் மக்களை எண்ணிப் பாருங்கள். 1946-இல் அவர்கள் உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியை நிறுவினர். பின்னர் அது உயர்நிலைப் பள்ளியாயிற்று. மாணவர் குறைந்து 1982-இல் மூடப்பட்டது. அதன் காலைக் கூட்டத்தில் நின்ற பிள்ளைகளின் முகங்களைக் கட்டடக் கலை நூலில் தேடிப் பயனில்லை. அவை அக்குடும்பங்களின் பெட்டிகளில்தான் இருக்க வேண்டும்.

காஞ்சியில் இருந்துகொண்டு சிங்கப்பூரைப் பற்றி இவ்வளவு பேசுவதேன் என்று அன்பர்கள் கேட்கலாம். நம் ஊரிலும் இதே கதை நடப்பதுதான் காரணம். காஞ்சியின் கோயில்களுக்குப் படமில்லாத குறை என்றுமில்லை. தொல்லியல் துறையைச் சார்ந்த அலெக்சாண்டர் ரீ 1909-இலேயே பல்லவர் கட்டடக் கலை பற்றிய பெரு நூலில் அவற்றை அளந்து வரைந்து வைத்தார். நெசவாளர் தெருக்களுக்கு அத்தகைய ஒருவர் வாய்க்கவில்லை. பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் பாவை நீட்டிக் கஞ்சி தெளித்து உலர்த்துவர்; தெருவின் நீளமே பாவின் நீளத்துக்கு இடம் கொடுத்தது. ஓட்டு வீடு, திண்ணை, உள்ளே நுழைந்தவுடன் குழித்தறி. நெய்பவர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதி பலகையை மிதிக்க, எதிரே சாளரத்தின் வெளிச்சம் சரியாகப் பட்டின் மேல் விழும். வீடு தறிக்காகக் கட்டப்பட்டது. தறி வீட்டுக்காக அன்று.

அவ்வீடுகள் ஒவ்வொன்றாய்க் கான்கிரீட் மாடிகளாகின்றன. பிள்ளைகள் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். செல்லட்டும், கூலி கூடுதல். தறியைப் பிரித்து மரத்தை விற்றுவிட்டு, குழியை மண்ணிட்டு நிரப்பி, மேலே வழவழப்பான தரை போட்டுவிடுகின்றனர். குழி எங்கே இருந்தது என்று கேட்டால், வீட்டுப் பெரியவர் எழுந்து வந்து, சாளரத்துக்கு எதிரே நின்று, குதிகாலால் தரையைத் தட்டிக் காட்டுகிறார்.