புதைவட மின்தடம் (திருவரங்கம், திருச்சிராப்பள்ளி)

புதைவட மின்தடம் என்பது கம்பங்களில் செல்லும் மின்கம்பிகளை அகற்றி, காப்பிட்ட மின்வடங்களை மண்ணில் பதித்து மின்சாரம் வழங்கும் முறை. திருவரங்கத்தில் இதன் தேவை தேர், மரம் ஆகிய இரண்டையும் ஒட்டி எழுகிறது.

தேர் வீதிகள்

திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு. அரங்கநாதர் கோயிலின் ஏழு திருச்சுற்றுகளில் வெளிச்சுற்றுகள் மக்கள் குடியிருக்கும் வீதிகள். தைத் தேர் உத்திர வீதிகளிலும், சித்திரைத் தேர் சித்திரை வீதிகளிலும் வலம் வருகின்றன. மேலே கம்பிகள் செல்லும் ஊர்களில் தேரோட்டத்தன்று மின்சாரத்தை நிறுத்தி, குறுக்குக் கம்பிகளைக் கழற்றுவது வழக்கம். 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசியதில் 11 பேர் இறந்தனர்.

மரங்கள்

ஆடிக் காற்றில் முறியும் கிளையும் தென்னை மட்டையும் கம்பியில் விழுந்தால் மின்தடை ஏற்படும். அதனால் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் கம்பியை ஒட்டிய கிளைகள் வெட்டப்படுகின்றன. 2018 நவம்பர் 16இல் கரைகடந்த கஜா புயல் காவிரிப் படுகை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது.

புதைவடத்தால் மரத்துக்குக் கேடும் உண்டு. அடிமரத்தை ஒட்டிப் பள்ளம் தோண்டினால் வேர் அறுபட்டு, மரம் பிடிப்பிழந்து பின்னாளில் சாயக்கூடும். பள்ளத்தைத் தள்ளி வெட்டுவது, வேருக்குக் கீழே கிடைமட்டமாகத் துளையிட்டுக் குழாய் செலுத்துவது ஆகியவை மாற்று வழிகள்.

அமைப்பு

இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1255இன்படி 11 கிலோவோல்ட் வடம் 90 செ.மீ. ஆழத்திலும், தாழ்வழுத்த வடம் 75 செ.மீ. ஆழத்திலும் பதிக்கப்படும். மணல் பரப்பி, வடத்தின் மேல் செங்கல் அல்லது ஓடு அடுக்கி மூடுவர். வீட்டு இணைப்புகள் தெருவோர மின்பகிர்வுப் பெட்டியிலிருந்து (பில்லர் பாக்ஸ்) பிரியும். செலவு மேல்நிலைத் தடத்தைவிடப் பல மடங்கு. பழுதான இடத்தைக் கண்டறியக் கருவி வேண்டும். இணைப்புகளில் நீர் புகாமல் காப்பது ஆற்றோரப் பகுதிகளில் முக்கியம். குடிநீர், பாதாளச் சாக்கடைக் குழாய்களின் தடமறிந்தே தோண்ட வேண்டும்.

பிற ஊர்கள்

சென்னையின் பெரும்பகுதியில் புதைவட வழங்கல் நெடுங்காலமாக உள்ளது. காசியின் பழைய நகரில் ஏறத்தாழ 16 சதுர கி.மீ. பரப்பில் பவர்கிரிட் நிறுவனம் கம்பிகளை மண்ணுக்கடியில் மாற்றியது.

மதிப்பீடு

உயரமான தேர் செல்லும் வீதிகளுக்குப் புதைவடமே பொருத்தம். மரமடர்ந்த சாலைகளில் வேரைக் காக்க வழியில்லாத இடத்தில், கம்பத்திலேயே காப்பிட்ட வடத்தைக் கட்டுவது செலவு குறைந்த மாற்று.