மினர்வா மகிழுந்தும் கோலசிலாங்கூர்ப் பால்மரமும்

மகிழுந்தின் வரலாற்றை எழுதுவோர் பொறியை வியப்பர். சக்கரத்தைச் சூழ்ந்த ரப்பர் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் சிலரே. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் தோன்றிய மினர்வா நிறுவனத்தை நாம் கோலசிலாங்கூரிலிருந்து நோக்குவது அதனால்தான்.

சில்வேன் டி யோங் என்பவர் 1897இல் மிதிவண்டி செய்யத் தொடங்கினார். அடுத்து மோட்டார் சைக்கிள், பின்னர் மகிழுந்து. இங்கிலாந்தில் மினர்வாவை விற்றவருள் ஒருவர் சார்லஸ் ரோல்ஸ். அவரே பிற்காலத்தில் ராய்ஸுடன் இணைந்து புகழ்பெற்றார். 1908இல் மினர்வா, அமெரிக்கரான நைட் வகுத்த பொறியை ஏற்றது. வழக்கமான வால்வுகளுக்கு மாறாக, உருளைக்குள் மேலும் கீழும் வழுக்கும் உறைகள் அதில் இருந்தன. எண்ணெயை மிகுதியாகக் குடித்தது, புகையும் விட்டது. ஆயினும் ஓசை அடங்கிய அந்த ஓட்டத்தை அரச குடும்பத்தினரும் விரும்பி வாங்கினர்.

அதே காலத்தில், ஆண்ட்வெர்ப் ஐரோப்பாவின் பெரிய ரப்பர்ச் சந்தைகளுள் ஒன்று. பெல்ஜியரான அட்ரியன் ஹாலே முதலீடு தர, பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபொகோன்னியே சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் அமைத்தார். 1910இல் இலண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைக் கடந்தது. அந்த விலையேற்றத்திற்கு முதற்காரணம் மகிழுந்துச் சக்கரம். காட்டை அழித்து மரம் நட்டவரும், விடியுமுன் கத்தியோடு நிரைக்குச் சென்றவரும் பெரும்பாலும் கங்காணிகள் அழைத்துவந்த தமிழர். 1917இல் ஃபொகோன்னியே செம்பனையை வணிகப் பயிராக நட்ட தோட்டத்தின் பெயர் தென்னமரம். அப்பெயரைத் தமிழ்மாணவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

சொற்களும் இவ்வரலாற்றைச் சுமக்கின்றன. நூல்வழக்கில் நாம் மகிழுந்து என்கிறோம். தோட்டத்து மக்கள் காடி என்றனர். ரப்பர் அவர்களுக்குப் பால்மரம். உறைந்த எச்சம் ஒட்டுப்பால். காடி துரையுடையது, பால் தம்முடையது என்ற பிரிவினை அகராதியில் ஏறவில்லை.

1930களின் பொருளாதார வீழ்ச்சி இரு முனைகளையும் தாக்கியது. 1934இல் மினர்வா நொடித்தது. மலாயாவில் கூலி குறைந்தது. பல்லாயிரம் தமிழர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். தங்கியோருள் சிலர் பின்னாளில் மிதிவண்டி வாங்கினர். அதிலும் ஒரு தடை இருந்தது: துரை எதிர்ப்பட்டால் இறங்கி நிற்க வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் எழுந்த தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு இவ்வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக வைக்கப்பட்டது.