தோற்றம் 1999, மறைவு 2004

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் யாரும் அடிக்கவில்லை. அமெரிக்கா–கம்போடியா ஜவுளி ஒப்பந்தம் 2004 டிசம்பர் 31ஆம் தேதி நள்ளிரவோடு கண்ணை மூடியபோது, உலகின் பாதி ஜவுளி முதலாளிகள் கொண்டாட்டத்தில் இருந்தார்கள். அன்று சேர்ந்து போனது கோட்டாவும்தான். ஆறு வயதுகூட நிறையாத இந்த ஒப்பந்தத்துக்காகத் தனியாக அழ ஆளில்லை. இருபது வருடம் கழித்தாவது ஒருவர் எழுதி வைக்கலாம்.

கோட்டா என்றால் என்ன என்று திருப்பூர்க்காரர்களிடம் விளக்க வேண்டியதில்லை. இன்ன நாட்டிலிருந்து இத்தனை டஜன் சட்டை, அதற்கு மேல் வராதே என்று பணக்கார நாடுகள் 1974 முதல் போட்டு வைத்திருந்த கணக்கு அது. தங்கள் ஊரில் கோட்டா தீர்ந்துபோன தைவான், ஹாங்காங், சீன முதலாளிகள் தொண்ணூறுகளின் நடுவில் கோட்டா இல்லாத நாடு தேடி கம்போடியத் தலைநகர் நோம் பென் போய்ச் சேர்ந்தார்கள். கிராமத்து இளம்பெண்கள் வரிசையாகத் தையல் மிஷின் முன் உட்கார்ந்தார்கள். ஏற்றுமதி ஏறியதும், அமெரிக்கா கம்போடியாவுக்கும் ஒரு கோட்டா போடக் கிளம்பியது.

வழக்கமான கோட்டா ஒப்பந்தமாகவே அது முடிந்திருக்கலாம். 1999 ஜனவரியில் கையெழுத்தானபோது உள்ளே ஒரு புது ஷரத்து இருந்தது. ஜவுளித் துறையில் தொழிலாளர் சட்டம் கணிசமாகக் கடைப்பிடிக்கப்பட்டால் வருடந்தோறும் 14 சதவீதம் வரை கூடுதல் கோட்டா. 2002 முதல் மூன்று வருடத்துக்கு நீட்டித்தபோது உச்சவரம்பு 18 ஆனது. சட்டத்தை மதித்தால் கூடுதல் ஆர்டர் என்று ஓர் அரசிடமே பேரம் பேசிய வணிக ஒப்பந்தம் அதற்கு முன் இருந்ததில்லை. தண்டிக்கும் வழக்கம் உண்டு. தொழிலாளர் உரிமையை மீறும் நாடுகளுக்கு வரிச்சலுகையை வெட்ட 1984 முதலே அமெரிக்கச் சட்டத்தில் இடம் இருந்தது. பினோசெட்டின் சிலிக்கு அப்படி வெட்டவும் செய்தார்கள். கொடுத்து வாங்குவதுதான் புதுசு.

இதைப் பெற்றவர்கள் புண்ணியவான்கள் என்று சொல்ல வரவில்லை. பின்னால் நின்று தள்ளிய அமெரிக்கத் தொழிற்சங்கங்களுக்குத் தங்கள் ஊர் மில் வேலை பற்றிய கவலையும் இருந்தது. தொழிலாளர் நலன் என்ற பெயரில் வாசலை அடைக்கிறார்கள் என்று உலக வர்த்தக அமைப்பில் இந்தியா வாதாடிய காலமும் அதுதான். அந்தச் சந்தேகம் தப்பில்லை. ஆனால் கம்போடியாவில் வாசல் அடைபடவில்லை, கொஞ்சம் அகலமானது.

சும்மாவும் அகலவில்லை. 1999 டிசம்பரில் அமெரிக்கா பார்த்துவிட்டு, போதாது என்று கைவிரித்தது. பிறகு 5 சதவீதம் தருகிறோம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஆட்களை ஆலைக்குள் விட வேண்டும் என்றது. அரசு இறங்கி வந்தது. அது 9 சதவீதமாக உயர்ந்தது. 2001இல் பரிசோதகர்கள் ஆலைகளுக்குள் நுழைந்தார்கள். கையில் நீண்ட கேள்விப் பட்டியல். அவசர வழி பூட்டிக் கிடக்கிறதா? குடிதண்ணீர் உண்டா? ஓவர்டைம் விரும்பிச் செய்வதா, மிரட்டிச் செய்ய வைப்பதா? சம்பள ரிஜிஸ்டர் ஒன்றா, காட்டுவதற்கு வேறு ஒன்றா? குறை சொல்லி அவகாசம் கொடுத்தும் சரிசெய்யாத ஆலையின் பெயர் அறிக்கையில் வரும். பரிசோதகரை உள்ளே விடாத ஆலைக்கு ஏற்றுமதி இல்லை.

என் பார்வையில் இதன் சாமர்த்தியம் வேறு இடத்தில் இருந்தது. பரிசு ஆலைக்கு அல்ல, நாட்டுக்கு. ஒரு முதலாளி சங்கம் வைத்தவர்களை வெளியே தள்ளினால் இழப்பு மற்ற முதலாளிகளுக்கும் சேர்த்துத்தான். அவரவர் பாடு என்று யாரும் இருக்க முடியவில்லை. எல்லாவற்றுக்கும் மேல், பதில் சொல்ல வேண்டிய ஆள் அரசாங்கம். 1997இல் தானே இயற்றிய தொழிலாளர் சட்டத்துக்கு அது வருடா வருடம் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. 2003இல் நடுவர் மன்றம் வந்தது. தொழிலாளர் தரப்புப் பட்டியலிலிருந்து ஒருவர், முதலாளி தரப்பிலிருந்து ஒருவர், இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் மூன்றாமவர். கோர்ட்டை நம்பாத நாட்டில் அதன் தீர்ப்பை இரு தரப்பும் மதித்தன என்பது சின்ன விஷயமல்ல.

குடிதண்ணீரைக் கண்ணால் பார்த்து எழுதலாம். சங்கம் வைக்கும் ஒருவனின் மனதில் இருக்கும் பயத்தை எந்தக் கட்டத்தில் டிக் போடுவது? ஒப்பந்தத்தின் கடைசி வருடம், 2004 ஜனவரி 22 காலை, சுதந்திரத் தொழிற்சங்கத்தின் தலைவர் சியா விச்சியா நோம் பென்னில் ஒரு பேப்பர் கடை முன் நின்று செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். சம்பந்தமே இல்லாத இரண்டு பேரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். 2013இல்தான் உச்ச நீதிமன்றம் அவர்களை முழுமையாக விடுவித்தது. சுட்டவர் யார் என்பது இன்றும் வெளிவரவில்லை. 2004 மே மாதம் அதே சங்கத்தில் இன்னொரு கொலை, 2007இல் மற்றொன்று. கூடுதல் கோட்டாவால் இந்த உயிர்களைக் காக்க முடியவில்லை. இரங்கல் எழுதும்போது இதை மறைத்தால் பொய்யாகிவிடும்.

கோட்டா முறை 2005இல் ஒழிந்ததும், கூடுதலாகக் கொடுக்க அமெரிக்காவின் கையில் ஒன்றுமில்லை. ஒப்பந்தம் தோற்றுப்போய்ச் சாகவில்லை; ஒட்டியிருந்த மரம் விழுந்ததில் போய்விட்டது. ஆலைகள் உடனே மூடவில்லை. சீனத் துணிக்கு அமெரிக்கா 2008 வரை மறுபடி வரம்பு போட்டதும் அதற்கு ஒரு காரணம்.

பரிசோதனையும் நிற்கவில்லை, ஆனால் அறிக்கை யாருக்காக என்பது மாறியது. முன்பு வாஷிங்டன் படித்து அரசாங்கத்துக்கு மதிப்பெண் போட்டது. இப்போது பிராண்டு கம்பெனிகள் காசு கொடுத்து வாங்கிப் படித்து ஆலைக்கு மெயில் அனுப்பின. சில வருடத்தில் ஆலைகளின் பெயரை வெளியிடுவதும் நின்றது, 2014இல்தான் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில், 2011இல், பெண்கள் ஆலைகளில் கும்பல் கும்பலாக மயங்கி விழுந்தார்கள். 2000இல் மாதம் 45 டாலராக இருந்த குறைந்தபட்சச் சம்பளம் 2010இல் 61 டாலர். 160 டாலர் கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது 2014 ஜனவரி 3ஆம் தேதி வெங் ஸ்ரெங் சாலையில் துப்பாக்கிச் சூடு நடந்து நான்கு பேராவது செத்தார்கள்.

பிராண்டுக்கும் ஆலைக்கும் நடுவே நடக்கும் கடிதப் போக்குவரத்தில் அரசாங்கம் நழுவிவிட்டது. ஆலை கழிவறை கட்டலாம். துப்பாக்கியை இறக்கச் சொல்ல அதனால் முடியாது. 2020 ஆகஸ்டில், உரிமை மீறல்களைக் காட்டி, ஐரோப்பிய ஒன்றியம் கம்போடியாவுக்குத் தந்த வரிச்சலுகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைப் பறித்தது. அப்போதைய பிரதமர் ஹுன் சென்னின் அரசு அசையவில்லை. பறிப்பதை ஓர் அரசு தன்மானப் பிரச்சினையாக்கி ஊர்வலம் விடலாம், வருடா வருடம் வரும் கூடுதல் ஆர்டரை அப்படி ஆக்குவது கஷ்டம் என்பது என் எண்ணம்.

2025 ஏப்ரலில் கம்போடியப் பொருள்களுக்கு 49 சதவீத வரி என்று வாஷிங்டன் அறிவித்தது. பேரம் பேசி அது 19க்கு இறங்கியது. ஏப்ரல் கணக்கைப் போட்டது வர்த்தகப் பற்றாக்குறையை வைத்து. வெளிநாடுகளில் தொழிலாளர் உரிமைக்கென்று அமெரிக்கத் தொழிலாளர் துறை கொடுத்துவந்த நிதியை அதற்கு முந்தைய மாதமே நிறுத்தியிருந்தார்கள்.