அளந்து வரைந்த கோடுகள்

கல்வெட்டைப் படியெடுப்பதில் நாம் காட்டும் ஆர்வத்தில் கால்பங்கினைக்கூடக் கட்டடத்தைப் படியெடுப்பதில் காட்டியதில்லை. எழுத்து அழிந்தால் செய்தி அழியும் என்பதை உணர்ந்தவர்கள், ஒரு தாங்குதளத்தின் அமைப்பு அழிந்தாலும் செய்தி அழியும் என்பதை ஏனோ உணர்வதில்லை. இக்குறையைப் பிற நாட்டினர் களைந்த வழிகளுள் ஒன்று, மாணவர்களுக்குப் போட்டி வைத்து அவர்களை வரையச் செய்ததாகும். அவ்வரைபடங்கள் சேர்த்து வைக்கப்பட்டன; பின்னாளில் கண்காட்சிகளாகவும் மலர்ந்தன.

பிரான்சு நாட்டில் பாரிஸ் நுண்கலைப் பள்ளி மாணவர்களுக்காக ஆண்டுதோறும் 'ரோமாபுரிப் பெரும்பரிசு' என்ற போட்டி நடைபெற்றது. வென்ற கட்டடக்கலை மாணவர் அரசின் செலவில் ரோம் நகரில் தங்கி, பழங்கட்டடம் ஒன்றை அளந்து, இன்றைய நிலையையும் பண்டைய நிலையையும் வரைந்து பாரிசுக்கு அனுப்பவேண்டும். 1824ஆம் ஆண்டு இப்பரிசை வென்ற ஹென்றி லப்ரூஸ்த், தென் இத்தாலியில் பேஸ்தம் என்னுமிடத்திலுள்ள கிரேக்கக் கோயில்களை அளந்து வரைந்தார். 1828-29இல் அவர் தந்த வரைபடங்கள், அக்கோயில்களைப் பற்றி மூத்தோர் கொண்டிருந்த கருத்துகளோடு முரண்பட்டுப் பெரும் விவாதத்தைக் கிளப்பின. மாணவர் ஒருவரின் அளவுநாடா, அறிஞர்களின் முடிவைக் கேள்விக்குள்ளாக்கியது! இப்போட்டி 1968இல் நிறுத்தப்பட்டது. ஆயினும் அப்பள்ளியினரின் வரைபடங்கள் 1975ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, பழமையைப் புறந்தள்ளியிருந்த கட்டடக்கலைஞர்களே அவற்றை வியப்புடன் திரும்பிப் பார்த்தனர்.

அமெரிக்காவின் வழி வேறு. பொருளாதார வீழ்ச்சியால் வேலையிழந்திருந்த கட்டடக்கலைஞர்களைக் கொண்டு பழங்கட்டடங்களை அளந்து வரையும் திட்டமொன்றை 1933இல் சார்லஸ் பீட்டர்சன் முன்மொழிந்தார். அவர் பெயரால் 1983 முதல் மாணவர்களுக்கான பரிசு வழங்கப்படுகிறது. மாணவர் அளந்து வரையும் தாள்கள் பாராளுமன்ற நூலகத்தின் தொகுப்பில் சென்று சேர்கின்றன. மதிப்பெண்ணுக்காக வரைந்தது நாட்டின் ஆவணமாகிறது.

நம் நாட்டில் இம்மரபு இல்லை என்று எண்ணவேண்டாம். தஞ்சையில் பிறந்து, பெங்களூரில் நீதிபதியாகப் பணியாற்றிய இராம்ராசு, சிற்ப நூல்களைத் திரட்டி, அவற்றைக் கோயில்களோடு ஒப்பிட்டு எழுதிய ஆய்வு 1834இல் லண்டனில் 48 படங்களுடன் வெளிவந்தது. அதைக் காண அவர் உயிரோடில்லை. இன்று அகில இந்தியக் கட்டடக்கலை மாணவர் மன்றம் ஆண்டுதோறும் போட்டிகளை நடத்துகிறது. 1957இல் தோன்றிய அம்மன்றத்தின் பரிசுகளுள் லூயி கான் பெயரிலான கோப்பை, மரபுக் கட்டடங்களை ஆவணப்படுத்துவதற்கானது. அகமதாபாத் மேலாண்மைக் கழகத்தை வடிவமைத்தவர் இந்த லூயி கான்.

வரைபடம் எதற்கு, ஒளிப்படம் போதாதா என்று கேட்கலாம். ஒளிப்படம் எதிரே உள்ளதை மட்டுமே காட்டும். வரைபடமோ பார்வையைப் பணியவைக்கும். தாங்குதளத்தை வரைய முனைபவர், அதன் குமுதம் உருளையா எண்பட்டையா என்று தீர்மானித்தே ஆகவேண்டும். எண்பட்டையானால் அது பாதபந்தமாகலாம். உருள்குமுதத்தின் மேல் யாளிவரி ஓடினால் பிரதிபந்தம் எனலாம். தூணின் தலையிலுள்ள போதிகையும் அப்படியே. தரங்கமா, வெட்டா, பூமொட்டா என்பதிலிருந்து கட்டுமானக் காலத்தை ஓரளவு உய்த்துணரலாம். வெட்டுமுகப் படமோ, எந்த ஒளிப்படக் கருவியும் காணவியலாத சுவரின் கனத்தையும் கருவறைக் கூரையின் அமைப்பையும் ஒரே தாளில் காட்டும். இடிந்ததை மீண்டும் எழுப்ப வேண்டுமானால் உதவுவது இந்தத் தாளே.

இனி, நம் கம்பம் பள்ளத்தாக்கிற்கு வருவோம்.

1895இல் நிறைவுற்ற முல்லைப் பெரியாறு அணையைப் பற்றி நம்மிடம் ஏராளமான ஏடுகள் உள்ளன. 1886ஆம் ஆண்டின் குத்தகை ஒப்பந்தம், மெக்கன்சி 1899இல் எழுதிய திட்ட வரலாறு, பிற்கால வழக்குகள் என அடுக்கலாம். அந்நீரே பள்ளத்தாக்கின் வாழ்வு என்பதால், ஒவ்வோர் அடிக்கும் கணக்கு உண்டு. அணையினும் பல நூற்றாண்டுகள் மூத்த கட்டடங்களுக்கு அத்தகைய கவனம் கிடைக்கவில்லை.

சின்னமனூரை எடுத்துக்கொள்வோம். அவ்வூரின் பெயர் தாங்கிய பாண்டியர் செப்பேடுகள் தமிழக வரலாற்றில் அழியாத இடம் பெற்றவை. மகாபாரதத்தைத் தமிழில் தந்ததையும் மதுரையில் சங்கம் இருந்ததையும் சொல்லும் அச்செப்பேட்டைப் படிக்காத தமிழ் மாணவர் குறைவு. ஆனால் பூலாநந்தீசுவரர் கோயிலின் மண்டபத் தூண்களை அளந்து பார்த்த மாணவர் எத்தனை பேர்? உத்தமபாளையத்தில் பாறைமேல் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் உருவங்களும் அவற்றோடு அமைந்த வட்டெழுத்துகளும் உள்ளன. அச்சணந்தியின் பெயர் அங்குண்டு. எழுத்தைப் படித்தோம், உருவங்களின் இடைவெளியையும் உயரத்தையும் வரிசையையும் தாளில் பதித்தால்தான், யார் எந்த உருவத்தைச் செய்வித்தார் என்பது விளங்கும்.

எல்லாவற்றினும் அவசரமானது மங்கலதேவி கண்ணகி கோயில். கூடலூருக்கு மேலே, மாநில எல்லையில், காட்டு விலங்குகள் உலவும் மலைமுகட்டில் அது நிற்கிறது. அதுவே சிலம்பு கூறும் கண்ணகி கோட்டம் என்று 1963இல் பேராசிரியர் கோவிந்தராசனார் எடுத்துரைத்தார். ஆண்டில் சித்திரை முழுநிலவு நாள் மட்டுமே மக்களுக்கு அனுமதி. கூட்டம் கூடும் அந்த ஒருநாளில் அளக்க முடியாது. கற்கள் சரிந்து கிடக்கின்றன. எல்லை யாருடையது என்ற வழக்கு நீளும்வரை மழையும் வேர்களும் காத்திருக்கப்போவதில்லை. இரு மாநில மாணவர்கள் கொண்ட குழுவொன்று, இரு அரசுகளின் ஒப்புதலோடும் தொல்லியலாரின் துணையோடும் சில நாட்கள் தங்கி அளந்து வரைந்தால், எந்தத் தீர்ப்பு வந்தாலும் பயன்படும் ஆவணமொன்று இருக்கும். அளவுநாடாவிற்கு எல்லைத் தகராறு இல்லை.

ஊர்க்கோயில்களுக்கு வேறுவகை ஆபத்து. திருப்பணி என்னும் நல்லெண்ணத்தால் தாங்குதளத்தின் கீழுறுப்புகள் புதிய தரைக்குள் புதைகின்றன. கல்வெட்டின் மேல் வண்ணம் ஏறுகிறது. போதிகை சிமெண்டுப் பூச்சில் மறைகிறது. பக்தியைக் குறைசொல்ல நாம் வரவில்லை. திருப்பணிக்கு முன் ஒரு வரைபடம் என்ற வழக்கம் ஏற்பட்டால், எதை மாற்றினோம் என்பதாவது நமக்குத் தெரியும்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டாம். நூல்குண்டு, அளவுநாடா, நீர்மட்டக் குழாய், வரைதாள், பொறுமை ஆகியவை போதும். மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் கட்டடக்கலைத் துறை இருக்கிறது. தமிழ், வரலாறு பயிலும் நம் மாணவர்கள் கல்வெட்டைப் படிக்க, கட்டடக்கலை மாணவர்கள் அளக்கலாம். ஊருக்கொரு கோயில் என்று போட்டி வைத்து, தேர்ந்த படங்களை வீரபாண்டிச் சித்திரைத் திருவிழாவில் மக்கள் பார்வைக்கு வைக்கலாம். தம் ஊர்க் கோயிலின் வெட்டுமுகத்தைத் தாளில் முதன்முறையாகக் காணும் பெரியவர், நாம் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் கேளாத ஒன்றை அங்கே தாமே உணர்வார். அடுத்த திருப்பணிக் குழுவில் அமரப்போகிறவரும் அவர்தான்.