சிவப்பு பிரேக் விளக்கு அணையவில்லையா? ஆயில் ஊற்றும் முன் இதைப் பாருங்கள்

விடியற்காலையில் வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குக் காய்கறி, செவ்வாய்க்கிழமை பொய்கை சந்தைக்கு மாடு, தோப்பிலிருந்து மண்டிக்குத் தேங்காய் என்று, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து விவசாயிகள் பலரிடம் சொந்தமாக ஒரு 'குட்டி யானை'யோ பிக்கப் வண்டியோ பழைய காரோ இருக்கிறது. அதன் மீட்டரில் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால், கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றி விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்புவது வழக்கமாகிவிட்டது. ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

இன்ஜின் ஆயிலைப் போல பிரேக் ஆயில் எரிந்து குறைவதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே இருக்கும் அது குறைந்தால் இரண்டே காரணம்தான்: பிரேக் பேடு அல்லது லைனர் தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் எங்கோ கசிகிறது. எதனால் குறைந்தது என்று பார்க்காமல் ஆயில் ஊற்றினால் விளக்குதான் அணையும், கோளாறு அப்படியே இருக்கும்.

'பிரேக் பிடிக்கிறதே' என்று நம்பலாமா?

நம்பக்கூடாது. இன்றைய கார், சிறிய சரக்கு வண்டிகளில் பிரேக் குழாய் இரண்டு தனித்தனி வழிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு வழியில் ஆயில் போய்விட்டாலும் இன்னொரு வழி ஓரளவு பிடிக்கும். காலி வண்டியை மெதுவாக ஓட்டும்போது வித்தியாசமே தெரியாது. பாரம் ஏற்றி நெடுஞ்சாலையில் திடீரென்று மிதிக்கும்போதுதான், பாதி பிரேக்கோடு வந்திருக்கிறோம் என்பது தெரியும்.

வண்டியை நகர்த்தும் முன் 5 சோதனைகள்

1. சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அல்லது இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். ஒருபோதும் எரியவில்லை என்றால் விளக்கோ வயரோ போயிருக்கும். அப்படியானால் உங்கள் வண்டிக்கு எச்சரிக்கை மணியே இல்லை என்று அர்த்தம்.

2. ஹேண்ட் பிரேக்கை ஒருமுறை முழுதாக இழுத்து, பிறகு முழுதாக இறக்குங்கள். அரைகுறையாக இறங்கியிருந்தாலும் இதே விளக்குதான் எரியும். அப்படியே ஓட்டினால் பின்சக்கரம் சூடாகி, கருகிய வாடை வரும்.

3. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஆயில் டப்பாவில் அளவு பாருங்கள். மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள தூசியைத் துடைத்துவிடுங்கள்.

4. இன்ஜினை ஓடவிட்டு பிரேக் பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கால் மெல்ல மெல்ல கீழே இறங்கினால் கசிவு இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. பஞ்சு போல அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கும்.

5. நான்கு டயர்களின் உள்பக்கத்தையும், பெடலுக்குக் கீழே தரையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரப் பிசுக்கு இருந்தால் அதுதான் கசிவு. பல வண்டிகளில் கிளட்சுக்கும் இதே டப்பாவிலிருந்துதான் ஆயில் போகிறது. ஆகவே கிளட்ச் பக்கக் கசிவையும் விட்டுவிடாதீர்கள்.

அளவு சரி, பெடல் கெட்டியாக இருக்கிறது, ஹேண்ட் பிரேக்கும் இறங்கியிருக்கிறது, ஆனாலும் விளக்கு எரிகிறதா? ஆயில் டப்பாவுக்கும் ஹேண்ட் பிரேக் சுவிட்சுக்கும் போகும் வயரைப் பாருங்கள். வைக்கோல் போர், தீவனக் கொட்டகை அருகே நிறுத்தும் வண்டிகளில் எலி வயரைக் கடித்துவிடும்.

எப்போது ஓட்டலாம், எப்போது கூடாது?

பெடல் இறங்கினாலோ, கசிவு தெரிந்தாலோ, ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருந்தாலோ வண்டியை எடுக்க வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.

மஞ்சள் நிற ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் மழையில் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கலாம். மெதுவாக ஓட்டிச் சென்று சீக்கிரம் காட்டுங்கள். 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தால் முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக் அழுத்தத்தைப் பிரித்துத் தரும் வேலையும் நின்றிருக்கலாம். அந்த நிலையில் பாரம் ஏற்றவே கூடாது.

ஓடும்போது விளக்கு எரிந்து, பிரேக் பிடிக்கவில்லை என்றால்

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். பெடலை வேகமாகப் பலமுறை மிதித்தால் கொஞ்சம் அழுத்தம் திரும்பலாம். ஒவ்வொரு கியராகக் குறையுங்கள். இன்ஜினை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் பிரேக்குக்குத் துணை செய்யும் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் வேலை செய்யாது. ஹேண்ட் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல், பட்டனை அழுத்தியபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். இடது ஓரம் ஒதுங்கி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033 என்ற எண்ணை அழைக்கலாம்.

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஜவ்வாது மலை, பேரணாம்பட்டு மலைப்பாதைகளிலும் இறக்கம் அதிகம். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர்தான். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ஆயில் கொதித்து, பெடல் காலியாக இறங்கிவிடும். விளக்கு எரியும் வண்டியை மலை இறக்கவே வேண்டாம்.

உப்பு தின்னும் குழாய்

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு பிரச்சினையும் உண்டு. தோல் தொழிற்சாலைகளுக்கு வரும் பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்பு போட்டிருப்பார்கள். உங்கள் வண்டியைத் தோல் லோடுக்கு வாடகை விட்டால், உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக வடிந்து, அடியில் ஓடும் இரும்பு பிரேக் குழாயையும் வயர் சாக்கெட்டையும் அரிக்கும். பொட்டாஷ் உரமும் கோழி எருவும் இதே வேலையைச் செய்யும். இந்த மாதிரி லோடு இறக்கிய அன்றே வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். குழாயில் துரு கொப்புளித்திருந்தால் புதுக் குழாய் போடுங்கள். பற்றவைப்பதும், ஒரு சக்கரத்துக்குப் போகும் வழியை அடைத்துவிட்டு ஓட்டுவதும் வேண்டாம். மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

எந்த ஆயில்?

டப்பா மூடியிலேயே டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும். அதையே ஊற்றுங்கள். இன்ஜின் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில், டீசல் எதுவும் கூடாது. உள்ளே உள்ள ரப்பர் வாஷர்கள் ஊதிப்போய் பிரேக் முழுவதும் கெட்டுவிடும். தவறி ஊற்றிவிட்டால் பெடலை மிதிக்காமல், வண்டியையும் ஓட்டாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறியதும் தாங்கும் அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். அதனால் 2 ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். பல மாதமாகத் திறந்து கிடந்த பாட்டில் ஆயிலைப் பயன்படுத்த வேண்டாம். இது விஷம், பெயிண்டையும் அரிக்கும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது 'ஆயில் குறைந்தது' என்று மட்டும் சொல்லாமல், 'எதனால் குறைந்தது என்று பாருங்கள்' என்று கேளுங்கள். நான்கு சக்கரத்தையும் கழற்றி பேடு, லைனர், வீல் சிலிண்டர் மூன்றையும் பார்த்த பிறகே ஆயில் ஊற்றச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அணைகிற விளக்கைத்தான் நம்பலாம்.